குளோரி அக்காவின் பெயரில் மண்டபம் வேண்டாம்

ஆவடியில் எங்கள் பள்ளியில் முழு ஆண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். தலைமையாசிரியை அறைக்கு எனக்குப் போன் வந்திருப்பதாக ஆயா வந்து கூப்பிட்டார். எடுத்தால் குளோரி அக்காவின் தம்பி. "அக்கா நம்மள உட்டுட்டுப் பூட்டாங்க டீச்சர்" என்றார். காலையில் அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடத்தை இடுப்பில் வைத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திருத்திய தாள், திருத்தாத தாள் எல்லாவற்றையும் அப்படியே மேசையில் போட்டுவிட்டு பஸ் பிடித்தேன்.

மண்ணூர்பேட்டையில் நான் இறங்கியபோது ஷாமியானா போட்டாகிவிட்டது. மைக்கும் வந்துவிட்டது. மைக் இருக்கிற இடத்தில் நம் சபைச் செயலாளர் திரு. தேவபிரியம் இருப்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜெபம் முடிந்தது, பாட்டு முடிந்தது. பெட்டியை மூடுவதற்கு முன் அவர் மைக்கை எடுத்தார். "நம்முடைய அன்புச் சகோதரி குளோரியின் நினைவாக, ஆலயத்துக்குப் பின்னால் மிச்சமிருக்கும் குளத்தையும் சமன்செய்து, குளோரி நினைவுத் திருமண மண்டபம் எழுப்பக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அடிக்கல்." கூட்டத்தில் பலர் ஆமென் என்றார்கள். எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடுத்து வெச்சவங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எந்தக் குளத்தைத் தூர்க்கக் கூடாது என்று இத்தனை வருஷம் அந்த மனுஷி மல்லுக்கு நின்றாரோ, அதே குளத்தைத் தூர்த்து, அதன் மேல் அவர் பெயரையே எழுதப்போகிறார்களாம். பெட்டிக்குள் இருப்பவர் எழுந்து வந்து கேட்க மாட்டார் என்கிற தைரியம். உயிரோடு இருந்திருந்தால் மைக் ஒயரைப் பிடுங்கியிருப்பார்.

சபை மாத இதழில் அஞ்சலி எழுதித் தருமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். இதுதான் அந்த அஞ்சலி. இதழுக்கு ஆசிரியரும் தேவபிரியம்தான் என்பதால் இதைப் போட மாட்டார்கள் என்று தெரியும். அதனால் அம்பத்தூரில் ஜெராக்ஸ் எடுத்து நானே வீடு வீடாகக் கொடுக்கிறேன். அக்காவைத் தெரிந்தவர்கள் முழுதும் படியுங்கள். படித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை எங்கே நிற்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அக்கா அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டெனோ. மானேஜர் வாயைத் திறப்பதற்குள் எழுதிவிடுவார் என்று பெயர். ஆபீசில் நாள் முழுக்க இங்கிலீஷ். வாசலைத் தாண்டினால் அசல் மண்ணூர்பேட்டை. நம் சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளராகவும் இருந்தார். நம் சபையைத் தொடங்கிய மிஷனரி அம்மா வேல்ஸ் தேசத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஊர்ச் சபை எண்பதுகளின் பிற்பாதியில் நம்மில் சிலரை விருந்தாளிகளாக அழைத்தது. சீட்டுக் குலுக்கியதில் அக்கா பெயரும் என் பெயரும் வந்தன. தேவபிரியம் குலுக்கலில்லாமல் வந்தார்.

புறப்படும்போது கமிட்டி அக்காவிடம் ஒரு வேலை கொடுத்தது. எருசலேமுக்குப் போகிறவர்கள் யோர்தான் தண்ணீர் கொண்டுவருகிறார்கள் அல்லவா? அதுபோல மிஷனரி அம்மா பிறந்த கடற்கரையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவர வேண்டும். கட்டவிருக்கும் பள்ளிக் கட்டடத்தின் அடிக்கல்லோடு அதையும் வைப்பதாக ஏற்பாடு. அக்கா அதற்கென்றே மஞ்சள் துணியில் ஒரு பை தைத்து எடுத்துக்கொண்டார்.

அந்த ஊருக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு. லண்டனிலிருந்து ரயில், பிறகு இன்னொரு ரயில், பிறகு எப்போதோ ஒரு முறை வரும் பஸ். அதற்கப்பால் பூமி முடிந்து கடல் ஆரம்பித்துவிடுகிறது. அங்கே யாரும் தங்களுக்குள் இங்கிலீஷ் பேசவில்லை. எங்களுக்கு இடம் கொடுத்த மெகன் என்கிற அம்மாள் கோழியை விரட்டுவதும் நாயைக் கொஞ்சுவதும் அவர்கள் பாஷையில்தான். வீதிப் பெயர்ப்பலகையில் முதல் வரி அவர்களுடையது, இரண்டாவது வரி இங்கிலீஷ். அக்கா அந்தப் பலகை முன் நின்றுகொண்டு, "ஏ டீச்சரு, நம்ம இஸ்கோல்ல தமிழ் பேசுனா ஃபைன் போடறாங்கோ. இங்க வந்து பாத்துட்டுப் போவச் சொல்லு" என்றார். நான் தமிழ் டீச்சர். ஆவடியில் அந்த ஃபைன் வசூலிக்கிற பள்ளியில்தான் வேலை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அந்த ஞாயிறு அவர்கள் சிற்றாலயத்தில் எங்களை முன்னால் நிறுத்தினார்கள். அவர்கள் தங்கள் பாஷையில் நான்கு குரலில் பாடினார்கள். அடிவயிற்றிலிருந்து வந்த பாட்டு. அது முடிந்ததும் தேவபிரியம் எழுந்து, இங்கிலீஷில் ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, "எங்கள் ஊரில் ஒரு வட்டார பாஷை உண்டு, ஆனால் நாங்கள் இப்போது ஆங்கிலத்தில் பாடுகிறோம்" என்றார். அக்கா அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தைத் திருப்பாமலே, "யோவ், யாரு பாஷை வட்டாரம்?" என்று கேட்டுவிட்டு, இங்கிலீஷ் பாட்டைத் தொடாமல் ஒரு தமிழ்க் கீர்த்தனையை எடுத்தார். நான் சேர்ந்துகொண்டேன். தேவபிரியம் வாயை மட்டும் அசைத்தார். முடிந்ததும் மெகன் வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவர் பாஷையில் ஏதோ சொன்னார். அக்கா, "ஆமாம்மா, நீ சொல்றதுதான் கரெக்டு" என்று தமிழில் பதில் சொன்னார். அதன் பிறகு அவர்கள் இருவரும் கடைசி நாள் வரை அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். நடுவில் ஒருவரும் தேவைப்படவில்லை.

இப்போது கல் விஷயத்துக்கு வருகிறேன். கிராமத்துக்குக் கீழே உள்ள கரை முழுவதும் கூழாங்கல். மணல் கொஞ்சம்தான். பாறைகளின் மேல் கடல்நாய்கள் குண்டு குண்டாகப் படுத்துக் கிடந்தன. தலைக்கு மேல் பறவைகள் போட்ட கூச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. காற்று எங்கள் புடவையைப் பாய்மரமாக்கியது. அந்தக் கரை பாதுகாக்கப்பட்ட இடம். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு காவலர் இருந்தார். தாடி வைத்த, கழுத்தில் பைனாகுலர் மாட்டிய மனிதர். சில இடங்களில் கயிறு கட்டி அடையாளம் வைத்திருந்தார்கள். நாங்கள் கயிற்றுக்கு வெளியேதான் நின்றோம்.

அக்கா மஞ்சள் பையைப் பிரித்துக்கொண்டு, அடிக்கல்லுக்கு லட்சணமாக ஒரு கல் தேடினார். உருண்டையாக, பழுப்பு நிறத்தில், கரும்புள்ளி போட்டதாக ஒன்று கிடைத்தது. குனிந்து எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "டீச்சரு" என்றார். "இந்தக் கல்லு சூடா கீது."

அது முட்டை. கறுப்பும் வெள்ளையுமாய், நீளச் சிவப்பு மூக்கோடு ஒரு பறவை அதுவரை அங்கே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது எங்களைப் பார்த்துத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. கல்லோடு கல்லாகத் தரையில்தான் முட்டையிடுமாம். காவலர் ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லி, எங்களைத் தூரமாகக் கூட்டிப்போய்ப் பாறை மறைவில் உட்கார வைத்தார். பறவை திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அந்த முட்டை ஆறிப்போய்விடும் என்றார். குளிரில் அக்காவின் உதடு நீலமாகிவிட்டது. சால்வையைப் போட்டுக்கொள்ளக் கூட மறந்துவிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏசப்பா, அது வரட்டும்" என்று முணுமுணுத்தது மட்டும் கேட்டது. கடைசியில் அந்தப் பறவை நடந்து வந்து, இப்படியும் அப்படியும் பார்த்து, முட்டை மேல் உட்கார்ந்தது. அக்கா தன் வலது கையை என் கைக்குள் வைத்து, "தொடு டீச்சரு. இன்னும் சூடு போவல பாரு" என்றார். என் கைக்கு அது குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் அவருக்கு அந்தச் சூடு கடைசி வரை போகவில்லை என்பதை நான் பிற்பாடு பார்த்தேன்.

அந்தக் கரையிலிருந்து ஒரு கூழாங்கல்லையும் எடுக்கக் கூடாது என்று காவலர் சொன்னார். அக்கா பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நம் செயலாளர் விடுவாரா? இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளிகள், ஒரே ஒரு கல், புனிதமான காரியம் என்று வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. திரும்பி மேடேறும்போது அவர் கோட்டுப் பை ஒரு பக்கம் தொங்குவதை அக்கா பார்த்துவிட்டார். காவலர், மெகன், இன்னும் நாலைந்து ஊர்க்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். அக்கா பாதையின் குறுக்கே நின்று, "பாக்கெட்ல கீறத எட்த்து வெச்சிட்டு வா அண்ணாத்தே. திருட்டுக் கல்லு மேல கர்த்தர் ஊடு கட்டச் சொல்லல" என்றார். தமிழ் தெரியாத கூட்டம்தான். ஆனாலும் ஒருவருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கன்னம் சிவக்க அவர் இறங்கிப்போய்க் கல்லை வைத்துவிட்டு வந்தார். நண்பர்களே, அக்கா மேல் அவருக்கு இருந்த பகை அந்தக் கல்லில் ஆரம்பித்தது. இதைப் பார்த்த சாட்சி நான்.

சென்னைக்கு வந்ததும் கதை மாறிவிட்டது. சகோதரி குளோரி பிடிவாதம் பிடித்ததால் கல் வரவில்லை, வெள்ளைக்காரன் கொடுக்கத் தயாராக இருந்தான் என்று சபையில் சொன்னார். சீமைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தவள் என்று அக்காவுக்குப் பெயர் வைத்தார்கள். ஐக்கியக் கூட்டத்தில் சிலர் நேராகவே கேட்டார்கள்: "இன்னா குளோரி, ஒரு கல்லு கூடவா கெடைக்கல?" அக்கா, "கெடச்சுது. சூடா இருந்துச்சு, வெச்சிட்டேன்" என்பார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல மாட்டார். நான் விளக்கப் போனால் தடுத்துவிடுவார். "உடு டீச்சரு. தொட்டுப் பாக்காதவங்களுக்குச் சொல்லிப் புரியாது."

சில வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு மைதானம் என்று சொல்லிக் கமிட்டி குளத்தைத் தூர்க்க ஆரம்பித்தது. எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிகளின் கழிவு மண் லாரி லாரியாக வந்தது. கரிய மண்ணும் கட்டியுமாகப் பாதிக் குளம் போய்விட்டது. ஒருநாள் காலையில் அக்கா வேலைக்குப் போகிற வழியில் அங்கே ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் பறந்து பறந்து கத்துவதைக் கேட்டிருக்கிறார். நம் ஊரில் ஏரிக்கரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். மற்றவர்கள் காதில் வாங்க மாட்டோம். அக்காவுக்கு அந்தச் சத்தத்தில் வேறு ஒரு கரை ஞாபகம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஜல்லியும் சரளையும் கிடந்த கரையில் ஒவ்வொரு அடியாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். சரளையோடு சரளையாகப் புள்ளி போட்ட முட்டைகள் கிடந்தன.

அப்போது லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. அக்கா அதன் முன்னால் போய் நின்றார். அதே பாதையில் நானும் அன்று பஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்ததால் இதைக் கண்ணால் பார்த்தேன். டிரைவர் தலையை நீட்டி, "இன்னாம்மா, சாவுகிராக்கி, ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்றார். அக்கா, "எறங்கி வா நைனா. ஒரே நிமிசம்" என்றார். அவர் முனகிக்கொண்டே இறங்கினார். அக்கா முட்டையைக் காட்டினார்.

"இதுக்கா லாரிய நிறுத்துன?"

"தொட்டுப் பாரு."

"அய்ய, முட்டைதானக்கா."

"தொடு நைனா. தொட்டுட்டு அப்பால மண்ணு கொட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, குந்தி, ஒரு விரலால் தொட்டார். "சூடா கீதுக்கா" என்றார். பிறகு எழுந்து, லாரியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெயர் கூட எங்களுக்குத் தெரியாது. நம் சபை உறுப்பினர் இல்லை, ஜெபம் தெரிந்தவராகவும் தோன்றவில்லை. ஞானஸ்நானம் வாங்கிய கமிட்டிக்காரர்களில் ஒருவர் கூட அந்த ஒரு விரலை நீட்டவில்லை.

குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அக்கா காலையிலும் மாலையிலும் அந்தக் கரையில் ஒரு இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மத்தியானத்தில் யாரையாவது உட்கார வைத்தார். விடுமுறை நாட்களில் நான் உட்கார்ந்தேன். தேவபிரியம் ஒரு மாலை வந்து, "முட்டையை எடுத்து வேற இடத்துல வைக்கலாமே சிஸ்டர்?" என்று கேட்டார். அக்கா, "உங்கூட்ட எடுத்து வேற எடத்துல வெக்கட்டா?" என்று திருப்பிக் கேட்டார். அவர் போகிற போக்கில், என் காதுபட, "கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் நடக்கல, அதான் குருவி முட்டைக்குக் காவல்" என்று சிரித்தார். இன்று அதே வாய்தான் அக்காவின் பெயரில் திருமண மண்டபம் என்கிறது. கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

குஞ்சு பொரித்த பிறகும் லாரி வரவில்லை, மிச்சப் பாதிக் குளம் தப்பியது. ஆனால் அக்காவை அவர்கள் விடவில்லை. ஐக்கியத்தின் செயலாளர் பதவி போனது. பாட்டுக்குழுவில் பின்வரிசை. அறுப்பின் பண்டிகையில் நாம் கொண்டுவருவதை ஏலம் விடுவோமே, ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் போட்டி போட்டுக் கேட்போமே, அந்த வருஷம் அக்கா கொண்டுவந்த பூசணிக்காயை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று கமிட்டியில் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். ஏலம் விடுகிறவர் மூன்று முறை கூப்பிட்டும் சபை மௌனமாக இருந்தது. கடவுளுக்குப் படைத்ததைக் கூட ஆள் பார்த்துத் தள்ளிவைத்தோம். அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்து, தன் பூசணிக்காயைத் தானே ஏலம் கேட்டு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் என்னிடம், "கூட்டு ஷோக்கா இருந்துச்சு டீச்சரு, உனுக்குத்தான் குடுத்து வெக்கல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் வீட்டுக்குப் போய் அழுதேன். அன்று வாய் மூடி உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் இந்த வாரம் பெட்டியைச் சுற்றி நின்று ஆமென் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை. நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்டபம் கட்டுவதானால் கட்டுங்கள். வேறு இடமா இல்லை? ஏற்கெனவே பாதிக் குளத்தைத் தூர்த்துப் போட்ட மைதானத்தில் பிள்ளைகள் யாரும் விளையாடுவதில்லை, கமிட்டியின் கார்கள்தான் நிற்கின்றன. அங்கே கட்டி, யார் பெயரை வேண்டுமானாலும் வையுங்கள். செயலாளர் தன் பெயரையே வைத்துக்கொள்ளட்டும், நான் கைதட்டுகிறேன். குளத்தைத் தொடக் கூடாது. தொட்டுத்தான் தீருவோம் என்றால் அதில் அக்காவின் பெயர் இருக்கக் கூடாது. கொன்றவன் கையால் மாலை போடுவதற்குப் பெயர் அஞ்சலி இல்லை. அக்காவின் தம்பியும் இதற்குச் சம்மதிக்கவில்லை. என்னிடம் சொல்லியிருக்கிறார், உங்களிடமும் சொல்வார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது பொருளாக எதுவும் இல்லை. அந்த மஞ்சள் பையில் கடைசி வரை கத்திரிக்காய் வாங்கினார், அது கிழிந்துபோய்விட்டது. எனக்கு அவர் விட்டுப்போனது ஒரே பழக்கம். எதையும் தள்ளுவதற்கு முன், மூடுவதற்கு முன், தொட்டுப் பார்ப்பது. "கல்லுன்னு நெனச்சு எடுக்காத டீச்சரு, தொட்டுப் பாத்துட்டு எடு" என்பார்.

அதனால், பெட்டி மூடும்போது அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. பிறகுதான் கல்லறையில் மற்றவர்களோடு சேர்ந்து நானும் பிடி மண் போட்டேன்.

இன்று காலையில் குளத்தங்கரைக்குப் போனேன். ஆள்காட்டி என் தலைக்கு மேல் பறந்து கத்தியது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்துப் பார்த்துப் போனேன். கண்டுபிடித்து, ஒரு விரலால் தொட்டுவிட்டு உடனே விலகிவந்தேன். சூடாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். மண் போட வருகிறவர்கள் முதலில் குனிந்து தொட்டுப் பாருங்கள்.